ஆசிரியர் இல்லாத செய்தித்தளத்தில் செய்தியைத் தேர்ந்தெடுப்பது யார்?

உங்கள் கேள்வியை முதலில் நான் புரிந்துகொண்டபடி சொல்லிவிடுகிறேன். நீங்கள் சமூக மன்றத்தின் இந்தியர் நற்பணிச் செயற்குழுவில் தொண்டூழியர். வட்டாரத்து மூத்தோர் கைப்பேசியில் படிக்க ஒரு தமிழ்ச் செய்திப் பக்கம் தொடங்க நினைக்கிறீர்கள். சிங்கப்பூர், தமிழ்நாடு, மலேசியா, இலங்கை என்று எல்லா ஊர்ச் செய்தியும் தானாக வந்து விழ வேண்டும். உட்கார்ந்து பார்த்துப் போட ஆள் இல்லை. கூகல் நியூஸ் ஆசிரியர் குழு இல்லாமல்தானே ஓடுகிறது, நம்மால் முடியாதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடியும். ஆனால் கூகல் ஓட்டுகிற அதே முறையில் ஓட்டினால் உங்கள் பக்கம் இரண்டே வாரத்தில் கோடம்பாக்கத்துச் சினிமாப் பக்கமாகிவிடும். அது ஏன் என்று விளங்க, பல தளங்களின் செய்தியை ஓரிடத்தில் சேர்த்துத் தரும் இந்தத் திரட்டிகள் உள்ளே என்ன செய்கின்றன என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

கூகல் நியூஸை உருவாக்கிய கிருஷ்ண பரத் சென்னை ஐஐடியில் படித்தவர். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிந்தைய நாள்களில், ஒரே நிகழ்வைப் பற்றி உலகப் பத்திரிகைகள் எழுதுவதை எல்லாம் ஓரிடத்தில் வைத்துப் பார்க்க வழியில்லையே என்ற குறையில் பிறந்த நிரல் அது. 2002 செப்டம்பரில் பொதுமக்களுக்குத் திறந்தபோது ஏறக்குறைய 4,000 ஆங்கிலச் செய்தித்தளங்களைப் படித்துக்கொண்டிருந்தது. செய்திகளைத் தேர்ந்தெடுப்பதும் அடுக்குவதும் கணினி நிரலே, மனிதர் கை படவில்லை என்று அந்தப் பக்கத்தின் அடியிலேயே பெருமையாகப் போட்டிருந்தார்கள்.

அது பாதி உண்மைதான். அந்த 4,000 தளங்களிலும் ஆசிரியர்கள் இருந்தார்கள். எதை முதல் பக்கத்தில் போடுவது, எதைத் தூக்கிக் குப்பையில் போடுவது என்று அவர்கள் மண்டையை உடைத்துக்கொண்டதன் விளைவைத்தான் நிரல் எண்ணிப் பார்த்தது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதல் வேலை சேகரிப்பு. இதில் பெரிய மர்மம் எதுவும் இல்லை. பல செய்தித்தளங்கள் ஆர்எஸ்எஸ் எனப்படும் செய்தியோடை ஒன்றை வைத்திருக்கின்றன. தலைப்பு, இணைப்பு, வெளியான நேரம், இரண்டு வரிச் சுருக்கம், அவ்வளவுதான் அதில் இருக்கும். தமிழில் வலைப்பதிவு எழுதிப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. 2004-இல் தொடங்கிய தமிழ்மணம் திரட்டி இந்த ஓடைகளை நம்பித்தான் இயங்கியது. ஓடை இல்லாத தளங்களில் பெரும்பாலும் தளவரைபடக் கோப்பு, அதாவது தளத்தின் பக்கங்களை நிரல்களுக்குப் பட்டியலிட்டுத் தரும் கோப்பு, இருக்கும். கூகலின் வழிகாட்டுதல்படி, செய்திக்கான தளவரைபடத்தில் கடைசி இரண்டு நாள் கட்டுரைகள் மட்டும் இடம்பெற வேண்டும். எந்த நிரல் எந்தப் பக்கத்தைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பதை ஒவ்வொரு தளமும் ரோபாட்ஸ் கோப்பு என்ற சிறிய எழுத்துக் கோப்பில் சொல்லிவைத்திருக்கும். 1994 முதல் இருக்கும் வழக்கம் இது. பூட்டு அல்ல, ‘உள்ளே வராதீர்’ என்ற அறிவிப்புப் பலகை மாதிரிதான். ஆனாலும் சமூக மன்றத்தின் பேரில் நடத்துகிற பக்கம் அதை மதித்தே ஆகவேண்டும்.

இரண்டாவது வேலை தேதியைக் கண்டுபிடிப்பது. அற்ப விஷயம் என்று தோன்றும். ஆளில்லாத் திரட்டிகளின் வரலாற்றிலேயே பேர்பெற்ற விபத்து இதில்தான் நடந்தது.

யுனைடெட் ஏர்லைன்ஸ் 2002 டிசம்பரில் திவால் பாதுகாப்புக் கோரியது. அப்போது சிகாகோ ட்ரிபியூன் எழுதிய கட்டுரை, அதே குழுமத்தைச் சேர்ந்த புளோரிடா நாளிதழ் ஒன்றின் தளத்தில் பழைய கோப்பாகக் கிடந்தது. 2008 செப்டம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை நள்ளிரவுக்குப் பின், தளத்தில் ஆள் நடமாட்டமே இல்லாத நேரத்தில், யாரோ அதைத் திறந்திருக்கிறார்கள். அந்த நேரத்துக்கு அதுவே போதும். ‘அதிகம் படிக்கப்பட்டவை’ பெட்டியில் கட்டுரை ஏறிவிட்டது. பெட்டியில் புதிய இணைப்பைக் கண்ட கூகலின் நிரல் உள்ளே போனது. கட்டுரையில் அது எழுதப்பட்ட தேதி இல்லை. பக்கத்தின் உச்சியில் அன்றைய தேதி இருந்தது. அதையே கட்டுரையின் தேதியாக எடுத்துக்கொண்டு ‘யுனைடெட் திவால்’ என்பதைப் புதுச் செய்தியாகப் பட்டியலில் சேர்த்துவிட்டது. மறுநாள் முதலீட்டுச் செய்திமடல் நிறுவனம் ஒன்றில் வேலை செய்தவர் தேடலில் அதைப் பார்த்து, பங்கு வணிகர்கள் பார்க்கும் புளூம்பெர்க் திரைகளுக்குப் போகும்படி பதிவிட்டார். ஏறத்தாழ 12 டாலருக்கு விற்ற பங்கு சில நிமிடங்களில் 3 டாலருக்கு விழுந்தது. வணிகத்தையே நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. பொய் என்று தெரிந்தபிறகும் அன்று பங்கு 11 டாலருக்குக் கீழேதான் முடிந்தது.

இதில் எந்த நிரலிலும் பிழை இல்லை என்பதைக் கவனியுங்கள். ‘அதிகம் படிக்கப்பட்டவை’ பெட்டி சரியாக எண்ணியது. கூகலின் நிரல் கண்ணுக்குத் தெரிந்த ஒரே தேதியை எடுத்தது. ஆறு வருடத்துக்கு முந்தைய கதையாயிற்றே என்று உணரக்கூடியவர் அந்தச் சங்கிலியில் இல்லை, அவ்வளவுதான். உங்கள் பக்கத்துக்கு இதன் சின்ன வடிவம் ஒன்று நிச்சயம் வரும். சிங்கப்பூருக்கும் இந்தியாவுக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம். எந்த ஊர் நேரம் என்று குறிக்காமல் வெறும் மணியை மட்டும் தரும் ஓடைகள் உண்டு. சென்னையில் இரவு 11 மணிக்கு வந்த செய்தியை நம் ஊர் 11 மணி என்று நிரல் எடுத்துக்கொண்டால், நள்ளிரவுக்குப் பின் வந்த செய்தி முந்தைய நாளுக்குப் போய்விடும், வரிசையும் குலையும்.

மூன்றாவது, ஒரே செய்தியைப் பற்றிய கட்டுரைகளை ஒன்றாகக் கட்டுவது. வார்த்தைக்கு வார்த்தை ஒரேமாதிரி இருக்கும் நகல்களைப் பிடிப்பது சுலபம். ஒவ்வொரு கட்டுரைக்கும் கைரேகைபோல் ஓர் எண்ணைக் கணித்துவிடுவார்கள். கூகல் பொறியாளர்கள் 2007-இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையில் அது 64 பிட் (0 அல்லது 1) நீளமுள்ள எண். இரண்டு பக்கங்களின் எண்கள் மூன்று பிட்டுக்குள் வேறுபட்டால் இரண்டும் நகல் என்று கொண்டார்கள். பிடிஐ அல்லது ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் அனுப்பியதை நாற்பது தளங்கள் அப்படியே போட்டால் நிரல் இப்படித்தான் கண்டுபிடிக்கிறது. அது நாற்பது ஆசிரியர்களின் முடிவா, ஒரு நிருபரின் வரியா? அதை எப்படி எண்ணுவது என்பதில் திரட்டிக்குத் திரட்டி கொள்கை வேறுபடும். அந்தக் கொள்கையை வகுப்பவர் மனிதர்தான்.

வெவ்வேறு வார்த்தைகளில் எழுதப்பட்ட கட்டுரைகளை இணைக்க, அரிய சொற்களைப் பார்ப்பது பழைய உத்தி. 2024 செப்டம்பர் 25-ஆம் தேதி கிழக்கு-மேற்கு ரயில் பாதையில் கோளாறு ஏற்பட்டு, ஜூரோங் கிழக்குக்கும் புவன விஸ்தாவுக்கும் இடையே ஆறு நாள் ரயில் ஓடவில்லை, நினைவிருக்கும். அன்று வந்த கட்டுரைகளில் ‘ரயில்’, ‘பயணிகள்’ போன்ற சொற்களால் நிரலுக்குப் பயன் குறைவு. அவை தினம் வருகிறவை. ‘கிளிமெண்டி’, ‘புவன விஸ்தா’ இரண்டும் ஒரே கட்டுரையில் வந்தால்தான் துப்புக் கிடைக்கிறது. எவ்வளவு அரிய சொல்லோ அவ்வளவு எடை என்ற இந்தக் கணக்கு 1972-இலேயே கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் முன்வைத்தது.

தமிழில் இது இரண்டு இடத்தில் இடறும். வேற்றுமை உருபுகள் ஒட்டி ஒட்டி, சிங்கப்பூரில், சிங்கப்பூருக்கு, சிங்கப்பூரிலிருந்து, சிங்கப்பூரர்களுக்கும் என்று ஒரு சொல் பத்துச் சொல்லாகத் தெரியும். வேர்ச்சொல் பிரிக்கும் நிரல் இல்லாவிட்டால் எல்லாமே அரிய சொல். அடுத்தது பெயர்கள். நம் பிரதமரை இங்குள்ள ஊடகங்கள் லாரன்ஸ் வோங் என்று எழுதும். தமிழ்நாட்டுத் தளங்களில் லாரன்ஸ் வாங் என்றும் பார்க்கலாம். நிரலுக்கு அவர்கள் இரண்டு பேர். எழுத்தைப் பார்க்காமல் பொருளை எண்களாக்கி ஒப்பிடும் புதிய மொழி மாதிரிகள் இதை ஓரளவு சமாளிக்கின்றன. ஆனால் அவை படித்து வளர்ந்ததில் தமிழின் பங்கு மிகக் கொஞ்சம். அதிலும் சிங்கப்பூர்த் தமிழ் எவ்வளவு இருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இப்போது முக்கியமான இடம்: வரிசைப்படுத்துவது. ஒரு செய்தி பெரியதா சிறியதா என்பது நிரலுக்குத் தெரியாது. எத்தனை தளங்கள் எழுதின, எவ்வளவு வேகமாக எழுதின, அந்தத் தளங்களுக்கு எவ்வளவு மதிப்பு, எவ்வளவு புதியது, படிப்பவர் எந்த ஊரில் இருக்கிறார், நேற்று எதைத் தட்டினார் என்பதை வைத்துத்தான் மதிப்பெண் போடுகிறது. தேக்கா சந்தைக்குப் புதிதாக வந்தவர், மீனைப் பார்த்து வாங்கத் தெரியாததால் எந்தக் கடை முன் கூட்டம் நிற்கிறதோ அங்கே போய் நிற்பதுபோலத்தான். சந்தையில் நாற்பது கடையும் நானூறு பேரும் இருந்தால் அது மோசமான யோசனை இல்லை. ஆங்கிலத்தில் அது நன்றாகவே வேலை செய்கிறது.

சிங்கப்பூர்த் தமிழ்ச் செய்திக்கு எத்தனை கடை? 1935 முதல் வரும் தமிழ் முரசு ஒன்று, மீடியாகார்ப்பின் ‘செய்தி’ ஒன்று. அன்றாடம் செய்தியாளர்களை வைத்து உள்ளூர்ச் செய்தியைத் தமிழில் தரும் பெரிய ஊடகங்கள் இந்த இரண்டும்தான். மசேநிதி (மத்திய சேம நிதி) விதி மாறுகிறது என்ற செய்தி, உங்கள் மூத்தோர் ஒவ்வொருவரின் பையையும் தொடுகிற செய்தி, அதிகபட்சம் இரண்டு கட்டுரையாக வரும். அதே மணி நேரத்தில் சென்னையில் ஒரு நடிகர் புதுப்படத்தின் பெயரை அறிவித்தால் டஜன் கணக்கில் தளங்கள் எழுதும். தலைப்பை மாற்றி மாற்றி ஒரே தளம் ஐந்து முறையும் எழுதும். எண்ணிப் பார்க்கிற நிரல் எதை மேலே வைக்கும்? அதில் சதி இல்லை, தமிழ்நாட்டு ஊடகங்கள் மீது குற்றமும் இல்லை. எண்ணிக்கையில் நாம் சின்னவர்கள். இரண்டு ஆசிரியர் குழுக்களின் முடிவைப் பல நூறு தளங்களின் முடிவோடு ஒரே தராசில் போட்டால் இரண்டு தோற்கத்தான் செய்யும்.

தட்டல்களை எண்ணினால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். அது இன்னும் மோசமாகும் என்பது என் கருத்து. தட்டலுக்காகவே எழுதப்படும் தலைப்புகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள்: ‘சிங்கப்பூர் அரசின் அதிரடி அறிவிப்பு, மகிழ்ச்சியில் தமிழர்கள்’. உள்ளே போனால் போன வருடத்துச் செய்தி. திரட்டிகளின் நிரல் எதைப் பார்த்து ஏமாறும் என்று தெரிந்து எழுதுகிறவர்கள் அவர்கள்.

இதைவிடக் கவலைப்பட வேண்டிய ரகமும் உண்டு. 2024 அக்டோபரில் உள்துறை அமைச்சும் தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையமும் 10 இணையத்தளங்களை இங்கிருந்து பார்க்க முடியாதபடி முடக்கின. சிங்கப்பூர்ச் செய்தித்தளங்கள்போல் பெயரும் தோற்றமும் வைத்துக்கொண்டு, வெளிநாட்டவர் நடத்தியவை அவை. தகவல் திரிப்புப் பிரசாரத்துக்குப் பயன்படக்கூடும் என்று அதிகாரிகள் கருதினார்கள். பெயரில் ‘சிங்கப்பூர்’ என்றிருந்தால் உள்ளூர்த் தளம் என்று முடிவுசெய்யும் நிரலுக்கு அந்தப் பத்தும் நல்ல பிள்ளைகளாகவே தெரிந்திருக்கும். ஆகவே எந்தத் தளங்களிலிருந்து எடுப்பது என்ற பட்டியலை நிரலிடம் விடாதீர்கள். அதை நீங்களே கையால் எழுதுங்கள். முப்பது தளம் போதும்.

ஆளே வேண்டாம் என்று தொடங்கிய பெரியவர்கள் என்ன ஆனார்கள் என்றும் பார்த்துவிடலாம். தொழில்நுட்பச் செய்திகளுக்கான டெக்மீம் 2005-இல் முழுத் தானியங்கியாகத் தொடங்கியது; 2008 டிசம்பரில் அதை உருவாக்கியவரே, நிரல் மட்டும் போதவில்லை என்று வெளிப்படையாக எழுதிவிட்டு ஆசிரியரை வேலைக்கு எடுத்தார். ஃபேஸ்புக் 2016 ஆகஸ்டில் ‘டிரெண்டிங்’ பகுதியைக் கவனித்தவர்களை அனுப்பிவிட்டது. சில நாளிலேயே அமெரிக்கச் செய்தி வாசிப்பாளர் ஒருவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார் என்ற பொய் அதில் மேலேறியது. 2018-இல் அந்தப் பகுதியையே மூடினார்கள். எனக்கு இவற்றில் மிகவும் சுவையானது சீனாவின் டோவ்டியாவ். டிக்டாக்கின் தாய் நிறுவனமான பைட்டான்ஸ் 2012-இல் தொடங்கிய செயலி. ஆசிரியர்களே இல்லை, ஒவ்வொருவர் ரசனைக்கும் நிரலே செய்தி ஊட்டும் என்பதுதான் அதன் கொள்கை. 2018 ஏப்ரலில் சீன அதிகாரிகள் செயலிக் கடைகளிலிருந்து அதைத் தற்காலிகமாக நீக்கினார்கள். நிறுவனர் ஜாங் யிமிங் பகிரங்க மன்னிப்புக் கடிதம் எழுதி, உள்ளடக்கத்தைச் சரிபார்ப்போரின் எண்ணிக்கையை 6,000-லிருந்து 10,000-ஆக உயர்த்துவதாக அறிவித்தார். ஆசிரியர் இல்லாத நிறுவனத்தில் ஏற்கெனவே 6,000 பேர்! தணிக்கை வேறு, ஆசிரியப் பணி வேறு என்று வாதாடலாம். சம்பளப் பட்டியலில் மனிதர்கள் மனிதர்கள்தான்.

செய்தியைச் செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்துத் தமிழில் மூன்று வரியாகச் சுருக்கிப் போடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். 2024 டிசம்பரில் ஆப்பிளின் அறிவிப்புச் சுருக்கம், கொலைக் குற்றம் சாட்டப்பட்ட ஒருவர் தன்னைத்தானே சுட்டுக்கொண்டார் என்று பிபிசியின் பெயரில் ஐஃபோன்களில் காட்டியது. பிபிசி அப்படி எழுதவே இல்லை. அடுத்த மாதமே செய்திச் செயலிகளுக்கு அந்த வசதியை ஆப்பிள் நிறுத்திவைத்தது. அவ்வளவு பெரிய நிறுவனம் ஆங்கிலத்தில் செய்து வழுக்கிய இடத்தில், தொண்டூழியர் குழு தமிழில் கால் வைக்கத் தேவையில்லை. தலைப்பும் இணைப்பும் போதும்.

சட்டத்தைப் பற்றி. நான் வழக்கறிஞன் இல்லை, மன்றத்தில் யாராவது சட்டம் படித்தவரிடமும் கேளுங்கள். 2021 பதிப்புரிமைச் சட்டம் கணினிவழிப் பகுப்பாய்வுக்காக நகலெடுப்பதை அனுமதிக்கிறது, சட்டப்படி அணுகக்கூடிய பக்கமாக இருக்கும்வரை. அதாவது கட்டுரைகளை ஒப்பிட்டுக் கட்டுவதற்கு அது துணைநிற்கும். அந்த நகலை வாசகருக்கு எடுத்துக் காட்ட அது துணைநிற்காது. முழுக் கட்டுரையையும் படத்தையும் உங்கள் பக்கத்தில் போட்டால் அனுமதி கேட்டுத்தான் போட வேண்டும். பொஃப்மா எனப்படும் இணையப் பொய்ச்செய்திச் சட்டம் 2019 அக்டோபரில் நடப்புக்கு வந்தது. பொய் என்று தெரியாமல் பரப்பியவருக்கும் திருத்த ஆணை பிறப்பிக்கலாம் என்று அதில் தெளிவாகவே இருக்கிறது. ‘நிரல் எடுத்துப் போட்டது, எங்களுக்குத் தெரியாது’ என்ற பதிலை நம்பி இறங்காதீர்கள்.

உங்களுக்கு நான் கட்டிக்கொடுப்பதாக இருந்தால் இப்படிச் செய்வேன். சிங்கப்பூர்ச் செய்திக்குப் பக்கத்தின் மேல் பாதியை ஒதுக்கிவிடுவேன். அங்கே எந்த மதிப்பெண்ணும் கிடையாது. தமிழ் முரசும் ‘செய்தி’யும் எதை மேலே வைத்திருக்கின்றனவோ அதே வரிசை. அந்த ஆசிரியர்களின் தீர்ப்பை எண்ணிக் குழப்பாமல் அப்படியே ஏற்றுக்கொள்வது. கீழ்ப் பாதியில் தமிழ்நாடு, மலேசியா, இலங்கை. அங்கே நிரல் எண்ணட்டும், ஆனால் ஊருக்கு ஐந்து தலைப்புக்கு மேல் போகக்கூடாது, சினிமாவுக்கு ஒன்று. இடப்பெயர், ஆள்பெயர் வேறுபாடுகளுக்கு ஒரு நூறு வரி அட்டவணை: வோங், வாங், புவன விஸ்தா, போனா விஸ்டா என்று. தமிழாசிரியர் யாராவது ஒரு சனிக்கிழமை மாலையில் முடித்துவிடுவார். விலை கொடுத்து வாங்கும் எந்த மொழி மாதிரியையும்விட அது உங்களுக்கு அதிகம் உதவும்.

‘காலமானார்’, ‘மரணம்’, ‘குண்டுவெடிப்பு’, ‘திவால்’, ‘மூடல்’ போன்ற சொற்கள் வரும் கீழ்ப் பாதித் தலைப்புகள் மட்டும் உடனே ஏறாமல் தனி வரிசையில் நிற்க வேண்டும். தொடர்பில்லாத இரண்டாவது தளமும் எழுதினால் ஏறலாம். இல்லையென்றால் உங்களில் ஒருவர் கைப்பேசியில் பார்த்துச் சரி என்று தட்டும்வரை காத்திருக்கலாம். பழம்பெரும் பாடகர் ஒருவர் இறந்துவிட்டதாக வரும் வதந்தி, உங்கள் வாசகர்களிடம் எவ்வளவு வேகமாகப் பரவும் என்று உங்களுக்கே தெரியும். பகலில் இரண்டு தடவை பார்த்தால் போதும். அதற்குக்கூட ஆள் இல்லை என்றால் அந்தத் தலைப்புகள் அப்படியே நின்றுவிடட்டும், ஒன்றும் குடிமுழுகாது.

கடைசியாக ஒன்று, பலரும் விட்டுவிடுவது. எடுத்த தலைப்பை எடுத்தபடியே வைத்திருக்காதீர்கள். மூலத் தளத்தில் ஆசிரியர் தலைப்பைத் திருத்துவார், எண்ணிக்கையை மாற்றுவார், சில சமயம் கட்டுரையையே நீக்குவார். ஒரு நாளுக்கு உட்பட்ட ஒவ்வோர் இணைப்பையும் நிரல் மணிக்கு ஒரு முறை திரும்பப் போய்ப் பார்க்க வேண்டும். தலைப்பு மாறியிருந்தால் மாற்றிக்கொள்ள வேண்டும், பக்கம் இல்லை என்று பதில் வந்தால் உங்கள் பக்கத்திலிருந்தும் எடுத்துவிட வேண்டும். முப்பது தளங்களுக்கு இதைச் செய்ய மிகச் சிறிய வாடகைக் கணினியே தாராளம்.